ஜானவாசத்துக்கு டர்போ கார்

1986 ஜனவரி 9, வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, மட்டாஞ்சேரி அரண்மனைச் சாலையில் நீலகண்டனின் காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

தகர டப்பாவுக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம். நீலகண்டன் காரை நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தார். சத்தம் நின்றது. ஏறி ஓட்டினார். மறுபடி கேட்டது. மிளகுக் கிடங்கு வாசலில் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கார் விஷயத்தில் அவர்கள் அதுவரை கேட்டதெல்லாம் அதன் சொந்தக்காரர் போட்ட சத்தம்தான்.

நீலகண்டன் அமெரிக்காவில் ஒரு பெயின்ட் கம்பெனியில் பதினோரு வருஷம் கெமிஸ்டாக இருந்தவர். 1983-இல் ஊர் திரும்பியபோது இந்தக் காரைக் கப்பலில் கொண்டுவந்தார். ஸ்டியரிங் இடது பக்கம். கூரையில் திறந்து மூடும் ஒரு ஜன்னல். எஞ்சினில் டர்போ. வெளியே போகும் புகையையே ஒரு காற்றாடியைச் சுற்றவைத்து, அதைக்கொண்டு எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஏற்பாடு அது. இதைத் தபால்காரருக்கும், பால்காரருக்கும், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும் அவர் விளக்கியிருக்கிறார்.

காரைப் பற்றி அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வந்த முதல் மாதம் அது ஊர் பெட்ரோல் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கியது. ஒரு பூணூல் கல்யாணத்துக்காக அவர் ஐந்து நாள் பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்திக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், கார் புலி போல இருந்தது. அதை அவர் இப்படிப் புரிந்துகொண்டார்: நல்ல எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்தால் அது தானாகவே ஊரைக் கற்றுக்கொள்ளும். இதைப் பற்றிச் ஊர்ப் பிராமணர்கள் கூடும் சமூக மடத்தில் நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார். பேச்சு முடிந்ததும் பாயசம் இருந்தது. அதனால் யாரும் எழுந்து போகவில்லை.

இப்போது அவருடைய மகள் சீதாலக்ஷ்மிக்குக் கல்யாணம். ஜனவரி 31 முகூர்த்தம். முந்தின நாள் மாலை ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோட்டும் மாலையுமாகக் காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, கோயிலிலிருந்து கல்யாண மண்டபம் வரை ஊர்வலமாக அழைத்து வரும் சடங்கு. நீலகண்டன் அழைப்பிதழில் அதை இப்படி அச்சடித்திருந்தார்: "30-1-86 மாலை 6 மணிக்கு டர்போ காரில் ஜானவாசம்."

"அழைப்பிதழ்ல எதுக்குக் காரைப் போடணும்?" என்று அவர் மனைவி ஸ்வர்ணலதா அப்போதே கேட்டாள்.

"மாப்பிள்ளையோட டிகிரியைப் போட்டிருக்கோமோல்லியோ?" என்றார் நீலகண்டன்.

வீட்டுக்கு வந்து சத்தத்தைச் சொன்னதும், ஸ்வர்ணலதா அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டாள்.

"ஏன்னா, மொய்துவை ஒரு நடை வரச் சொல்லட்டுமா?"

"எந்த மொய்து?"

"சுள்ளிக்கல்ல ஒர்க் ஷாப் வெச்சிருக்கானே, அவன்தான்."

"மீன்பிடி போட்டுக்கு எஞ்சின் நன்னாக்கறவனா? அவன் கையில இதைக் குடுத்தா நாளைக்குக் கார் வலை வீசப் போகும்."

"பாக்கச் சொல்றதுல என்ன நஷ்டம்னேன்."

நீலகண்டன் காரோடு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடியில் சத்தம் வந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பார்க்கவும் என்று அதில் இருந்தது. ஐம்பதாயிரம் மைலில் மாற்றிவிடுவது நலம் என்றும் இருந்தது. கார் ஓடியிருந்தது நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூறு.

கன்வர்ட்டர் என்பது புகைக்குழாயின் நடுவில் வரும் ஓர் இரும்பு டப்பா. உள்ளே தேன்கூடு போலப் பீங்கான் இருக்கும். புகை அதன் துளைகள் வழியாகப் போகும்போது அதிலுள்ள நஞ்சு எரிந்துவிடும். அந்தக் காரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருந்தன. மாற்றுவதற்குப் புதிதாக இரண்டை நீலகண்டன் அமெரிக்காவிலிருந்தே வாங்கி வந்திருந்தார். அவை இரண்டரை வருஷமாக ஸ்டோர் ரூமில் மரப்பெட்டியில் இருந்தன. பெட்டியின்மேல் உப்புமாங்காய் ஊறும் பரணி, ஒரு பெரிய பீங்கான் ஜாடி, இருந்தது.

"பரணியை எடு," என்றார்.

"எதுக்கு?"

"கன்வர்ட்டரை மாத்தப்போறேன். நானே."

ஸ்வர்ணலதாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"கல்யாணம் ஆகட்டுமே."

"கல்யாணத்துக்காகத்தான் மாத்தறேன்."

காருக்கு அடியில் படுத்து வேலை செய்ய வேண்டும் என்றால் காரைத் தூக்க வேண்டும். காரோடு வந்த ஜாக்கி ஒரு சக்கரத்தைத்தான் தூக்கும். நீலகண்டன் ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்தார். முன் மூலைகளுக்கு மதில் கட்ட வைத்திருந்த வெட்டுக்கல். பின்னால் ஒரு மூலைக்கு அம்மிக்கல். மற்றொரு மூலைக்கு ஆட்டுக்கல்.

கல்யாணச் சமையலுக்கு அமர்த்தியிருந்த செல்லப்பா அன்று மத்தியானம் பாத்திரக் கணக்குப் பார்க்க வந்தார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"மாமா, ஆட்டுக்கல் எங்கே?"

"வண்டிக்கு அடியில இருக்கு," என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மாவு எதுல அரைக்கறது?"

"ரெண்டு நாள் பொறு."

ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் காலையில் கோதுமை உப்புமா.

கடல் காற்றில் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஆறு போல்ட்டுகளில் நாலு கழன்றன. இரண்டின் தலை முறிந்தது. முறிந்த தலைகளை நீலகண்டன் ஒரு சந்தனக் கிண்ணத்தில் போட்டு வைத்தார். மூன்றாம் நாள் முதல் டப்பா கீழே இறங்கியது. இறங்கும்போது அதற்குள்ளிருந்து ஒரு நட்டு உருண்டு வந்து அவர் மார்பில் விழுந்தது. சத்தம் போட்டது அதுதான்.

அவர் வெளியே வந்து டப்பாவைத் தூக்கி உள்ளே பார்த்தார். மறுபக்கத்தில் பக்கத்து வீட்டு முருங்கைமரம் தெரிந்தது. இரண்டாவது டப்பாவைக் கழற்றிப் பார்த்தார். அதிலும் முருங்கைமரம் தெரிந்தது.

செல்லப்பா சட்டுவம் எண்ணுவதை விட்டுவிட்டு வந்தார். "உள்ளே ஒண்ணுமே இல்லையே மாமா."

"அதாக்கும் விஷயம். பெட்ரோல்ல இருக்கற ஈயம் தின்னுடுத்து. நம்ம நாட்டுப் பெட்ரோலோட லட்சணம் இது. அமெரிக்காவில் ஈயமில்லாத பெட்ரோல். இங்கே விஷம்."

"தின்னது நன்னா வழிச்சுத் தின்னிருக்கு," என்றார் செல்லப்பா. டப்பாவின் ஓரத்தை விரலால் தடவினார். "இங்கே உளி வெச்சுக் கொத்தின மாதிரி இருக்கே."

"அது வெப்ப அதிர்ச்சி. நோக்குப் புரியாது."

ஸ்வர்ணலதா இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். டப்பாவைப் பார்த்தாள். காபியை நீட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"கேட்டேளா. பழசையே திரும்ப மாட்டிடக் கூடாதா? நன்னாத்தானே ஓடிண்டிருந்தது."

நீலகண்டன் செல்லப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பெண்கள் இப்படித்தான் என்று ஆண்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "உள்ளே ஒண்ணுமில்லாத டப்பாவை மாட்டிண்டு ஓட்டணுமாம்."

"ஓடித்தே."

"அது என் டிரைவிங்."

அதோடு நிறுத்தியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். புது டப்பாக்களை மாட்டி, ஆட்டுக்கல்லைத் திருப்பித் தந்திருக்கலாம். ஆனால் நட்டு இருந்தது. நீலகண்டன் அதைக் கெரசினில் கழுவி, இத்தனை நாள் அதை எங்கோ ஒட்டவைத்திருந்த கரியைப் போக்கினார். பித்தளை நட்டு. ஒரு மூலை அரத்தால் ராவப்பட்டிருந்தது. புத்தகத்தில் இருந்த படங்களில் அப்படி ஒரு நட்டு இல்லை. கன்வர்ட்டருக்குள் நட்டு விழ வேண்டுமென்றால் அது மேலே இருந்துதான் வந்திருக்க வேண்டும். மேலே இருப்பது டர்போ. பித்தளை போன்ற உலோகம் தேய்மானம் தாங்கும் இடங்களில்தான் வரும். ஆகவே அது டர்போவின் நடு அச்சிலிருந்து வந்த நட்டு. பெயின்ட் கெமிஸ்ட் ஒருவர் இத்தனை தூரம் யோசித்துவிட்டு டர்போவைப் பிரிக்காமல் விட முடியாது.

பிரித்தார். கல்யாணத்துக்கு வாங்கியிருந்த புதுப் பத்தமடைப் பாயை விரித்து, கழற்றிய வரிசையில் சாமான்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் எண் போட்டார். நாற்பத்தியொரு சாமான்கள். பித்தளை நட்டுக்கு அதில் இடம் இல்லை. திரும்பப் பூட்டினார். முப்பத்தொன்பதுதான் உள்ளே போயின. பாயில் இரண்டு வளையங்கள் மிஞ்சின. அவற்றின் சாக்பீஸ் எண் வியர்வையில் அழிந்திருந்தது.

"மொய்து..." என்று ஸ்வர்ணலதா ஆரம்பித்தாள்.

"இது ஸ்பேர்," என்றார் நீலகண்டன். "அமெரிக்காக்காரன் எப்போதும் ரெண்டு கூடுதலா வெப்பான்."

ஜனவரி 18-ஆம் தேதி புது டப்பாக்கள் இரண்டும் ஏறின. ஆட்டுக்கல் இறங்கியது. செல்லப்பா அதைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்தார். கார் கிளம்பியபோது பூனை நடப்பது போலச் சத்தமில்லை. நீலகண்டன் இரண்டு பழைய டப்பாக்களையும் முன்னறையில் டெலிவிஷன் பெட்டியின் இரு பக்கமும் வைத்தார். கல்யாண விசாரணைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவற்றின் வழியாக ஒரு கண்ணால் பார்க்கவைக்கப்பட்டார்கள்.

புது டப்பா பழக வேண்டும் என்று தினமும் தோப்பும்படி வரை போய் வந்தார். நாலாம் நாள் பின்னால் நீலமாகப் புகை வந்தது. மிஞ்சிய வளையங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் கசிந்து புகைக்குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணெயும் ஊர் பெட்ரோலின் ஈயமும் சேர்ந்து புதுத் தேன்கூட்டின் துளைகளை அடைத்தன. நீலகண்டன் இதை அறியவில்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு திரவத்தை ஒரு ஸ்பூனுக்குப் பதில் மூன்று ஸ்பூன் பெட்ரோலில் விட்டார். புகை வெள்ளையாயிற்று. முன்னேற்றம் என்றார்.

26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வெங்கிடாசலம் மண்டபம் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எர்ணாகுளம் ஸ்டேஷனிலிருந்து நீலகண்டன் அவரைக் காரில் அழைத்து வந்தார். வலது பக்கம் உட்கார்ந்திருந்த வெங்கிடாசலத்துக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லாதது முதலில் கொஞ்சம் அச்சமாகவும், தேவரா தாண்டியதும் பெருமையாகவும் இருந்தது.

"மூடின வண்டியாச்சே. பையன் ஊர்க்காரா கண்ணுக்குத் தெரிய வேண்டாமோ?" என்றார்.

"கூரையில ஜன்னல் இருக்கு. ஸீட்டுல ஏறி நின்னா இடுப்புவரை வெளியே தெரிவான்."

"விழுந்துட மாட்டானே? டர்போங்கறேளே."

"நாதஸ்வரக்காரா நடக்கற வேகத்துலதானே போகப்போறோம்."

"அதுக்கு எதுக்கு டர்போ?"

"வேகம் இல்லை விஷயம். வேகம் கைவசம் இருக்குங்கறதாக்கும் விஷயம்."

தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றத்தில் கைவசம் இருந்த வேகம் தீர்ந்தது. நீலகண்டன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். எஞ்சின் போர்வைக்குள் இருமுவது போல இருமியது. கார் நடந்தது. பிறகு தவழ்ந்தது. இஞ்சி மூட்டை ஏற்றிய ஓர் உந்துவண்டி பக்கத்தில் வந்தது. தள்ளிக்கொண்டிருந்தவர் காருக்குள் எட்டிப் பார்த்து, வழி விடும்படி மரியாதையாகக் கையைக் காட்டினார்.

வெங்கிடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டி நிக்கறதா, போறதா?"

"போறது."

"அந்த உந்துவண்டி நமக்குப் பின்னாலே இருந்தது. இப்போ முன்னாலே போயிடுத்து."

"அது இறக்கத்துல வேகம் வரும்."

"இது ஏத்தமாக்கும்."

பாலத்தின் உச்சியில் நாலு பேர் தள்ளினார்கள். மறுபக்கம் கார் தானாகவே இறங்கியது. வீட்டு வாசலில் வெங்கிடாசலம் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் உங்ககிட்ட சீர், செனத்தின்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

"இல்லை."

"அழைப்பிதழ்ல காரை அச்சடிச்சது நீங்க. கல்பாத்தியில நாலு தெருவும் படிச்சாச்சு. அம்பது பேர் அதைப் பாக்கத்தான் வரா. பொண்ணைப் பாக்க இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் பையன் வாஞ்சிநாதன் இந்த வண்டியில ஏறணும்."

"ஏறுவான்."

"ஏறலைன்னா, ஏழு நாப்பதுக்குப் பாலக்காட்டுக்கு ஒரு பாசஞ்சர் இருக்கு," என்றார் வெங்கிடாசலம். மிரட்டுகிற குரல் இல்லை. டைம் டேபிள் சொல்கிற குரல்.

உள்ளே ஜன்னலோரம் நின்றிருந்த சீதாலக்ஷ்மி இதைக் கேட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த மூன்று நாளில் நீலகண்டன் செய்தவை: டர்போவை இன்னொரு தடவை பிரித்தார். மிஞ்சிய இரண்டு வளையங்களையும் உள்ளே வைத்தார். வேறு மூன்று மிஞ்சின. எண்ணெயை மாற்றினார். புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த விலாசத்துக்குப் பித்தளை நட்டின் படத்தை வரைந்து கடிதம் எழுதினார். 29-ஆம் தேதி மாலை கார் கேட்டிலிருந்து இருபது அடி போய் நின்றது. உள்ளே கொண்டுவர, பந்தல் போட வந்தவர்கள் தள்ளினார்கள்.

"நாளைக்கும் தள்ளிட்டா போறாதா?" என்றாள் ஸ்வர்ணலதா. "நடக்கற வேகம்தானே. பின்னாலே நாலு பேர் நின்னா யாருக்குத் தெரியப்போறது?"

"மாப்பிள்ளையை நாலு பேர் பின்னாலேர்ந்து தள்ளிண்டு போறதா? அது ஜானவாசமா?"

"அப்போ மொய்து."

"அவன் இந்த வண்டியைத் தொட்டா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"நாளைக்குக் காலமே நாந்தி இருக்கு. அதுக்கு வந்துடுவேளோல்லியோ?"

நாந்திக்கு அவர் இருந்தார். இருந்தே ஆக வேண்டும். பெண்ணைப் பெற்றவர் முந்தின நாள் காலையில் பித்ருக்களை வேண்டி உட்கார்ந்தால் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. ராமபத்ர வாத்தியார் எட்டரைக்கு அவர் விரலில் பவித்திரத்தை மாட்டி, சங்கல்பம் செய்துவைத்தார். அந்த இருபத்தொரு நாளில் நீலகண்டன் தொடர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பது மணிக்குப் பின்முற்றத்தில் ணங் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ணங், ணங்.

நீலகண்டன் பாதி எழுந்தார்.

"எழுந்திருக்கப்படாது," என்றார் வாத்தியார்.

"யாரோ இரும்பைத் தட்டறா."

"பந்தல் போடறா."

"பந்தல்ல ஏது இரும்பு?"

"பித்ருக்கள் வந்திருக்கறச்சே இரும்பைப் பத்திப் பேசப்படாது. அட்சதையைப் போடுங்கோ."

"பந்தல்தான்," என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்வர்ணலதா சொன்னாள்.

சத்தம் பத்தரை வரை இருந்தது. வாத்தியார் அன்று மந்திரத்தை வழக்கத்தைவிட நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சில பகுதிகளை இரண்டு தடவை சொன்னதாக நீலகண்டனுக்குத் தோன்றியது. அவர் முற்றத்துக்கு வந்தபோது மணி பதினொன்று இருபது. கிணற்றடியில் ஒருவர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நீலச் சட்டை. சுள்ளிக்கல் மொய்து.

"நீ வண்டியைத் தொட்டியா?"

"கழுவினேன் சாரே. மாமி சொன்னாங்க, ஜானவாசத்துக்குப் போற வண்டியில்லையா, கொஞ்சம் கழுவி விடுன்னு."

கார் நனைந்திருந்தது உண்மைதான். நீலகண்டன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு தடவை உறுமியது. பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டைத் தாண்டி, அரண்மனைச் சாலையில் ஒரு சுற்று, திரும்பி வீட்டுக்கு. கார் புலி போல இருந்தது. கொஞ்சம் நீலப் புகை வந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா?" என்றார் ஸ்வர்ணலதாவிடம். "காலம்பறேர்ந்து ஓய்வு குடுத்தேன். கத்துண்டுடுத்து. எண்பத்து மூணுல நடந்ததேதான்."

"ஆமா," என்றாள் அவள். "அதேதான்."

அன்று மாலை ஆறு இருபதுக்கு ஜானவாசம் புறப்பட்டது. மாப்பிள்ளை வாஞ்சிநாதன் கோட்டும் மாலையுமாகப் பின் ஸீட்டில் ஏறி, கூரை ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே நின்றார். துறைமுகத்துக்குள் கப்பலை அழைத்து வருகிற ஆள் போல இருந்தார். நாதஸ்வரக்காரர்கள் ஒவ்வொரு முக்கிலும் நின்று வாசித்தார்கள். கல்பாத்தியிலிருந்து வந்த ஐம்பது பேரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். காரின் இடது கதவோரமாக மொய்து நடந்து வந்தார். வழியில் ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளும்படி ஸ்வர்ணலதா சொல்லியிருந்தாள். நீலகண்டனிடம், அவர் கூட்டத்தை விலக்க வருகிறார் என்று சொல்லியிருந்தாள்.

அரை மைல் தூரத்துக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். வெங்கிடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை. அடுத்த பத்து நிமிஷத்தில் புறப்படும் பாசஞ்சரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீதாலக்ஷ்மி உள்ளே ஒரு டம்ளர் பால் குடித்தாள்.

நீலகண்டன் சம்பந்தியின் கையைப் பிடித்துக் காரின் முன்னால் நிறுத்தினார். கல்பாத்திக்காரர்கள் சுற்றி நின்றார்கள். காபி வந்தது. மொய்துவுக்கும் செல்லப்பா ஒரு டம்ளர் கொடுத்தார்.

"நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு இது புரியாது," என்று நீலகண்டன் தொடங்கினார். "பெட்ரோல்ல ஈயம். அந்த ஈயம் கன்வர்ட்டரை உள்ளோட தின்னுடுத்து. ரெண்டு டப்பாவும் காலி. நீங்களே பாத்தேள். நான் புதுசு மாட்டினேன். முதல்ல கொஞ்சம் திணறித்து. இப்போ பழகிடுத்து. எஞ்சின்னா அறிவுள்ள ஜந்துவாக்கும்."

"உந்துவண்டிக்கு வழி விட்டதே, அதுவும் அறிவுதானோ?" என்றார் வெங்கிடாசலம். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு விஷயம்தான் நேக்கும் பிடிபடலை." நீலகண்டன் மடிசஞ்சிப் பையிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் பித்தளை நட்டு இருந்தது. "இது டர்போவோட உள் ரகசியம். எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. இது எங்கேர்ந்து வந்ததுன்னு உலகத்துல நாலு பேருக்குத் தெரிஞ்சா அதிகம். கம்பெனிக்கே எழுதியிருக்கேன்."

வெங்கிடாசலம் நட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொய்து காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"அட, இது என் நட்டில்லையா சாரே," என்றார். "போட் பம்புக்கு நான் ராவி வெச்சது. எண்பத்து மூணுல நீங்க கல்பாத்திக்குப் போயிருந்தப்ப, மாமி சொல்லி அந்த ரெண்டு டப்பாக்குள்ளேயும் அடைச்சுக்கிட்டிருந்ததைக் கொத்தி எடுத்தேன், அப்ப பாக்கெட்டுலருந்து விழுந்திருக்கு. இன்னைக்குக் காலைல புதுசு ரெண்டையும் கொத்தினப்பக்கூட, அது எங்க போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வெங்கிடாசலம் நட்டை மொய்துவிடம் கொடுத்தார். முகூர்த்தம் மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு நடந்தது.